நாலு முதலாளி ஓட்டல்

மடையன் ஒருத்தன் தனியாக இருந்தால் நஷ்டம் அவன் வீட்டோடு போகும். நாலு மடையர்கள் ஒன்றாகச் சேர்ந்தால் ஓட்டல் வைப்பார்கள். வறட்டுக்குளத்தில் அப்படித்தான் நடந்தது.

அந்த நாலு பேரில் அய்யாக்குட்டி ஒருவன்தான் கல்யாணமானவன். மற்ற மூவருக்கும் பெண் கொடுக்கும் துணிச்சல் சுற்றுவட்டாரத்தில் யாருக்கும் வரவில்லை. அய்யாக்குட்டிக்கு உலகம்மாள் வாய்த்தது அவனுடைய முன்னோர் யாரோ செய்த புண்ணியம், அவன் செய்தது இல்லை. சாத்தனேரிக்காரி. அவள் ரசம் தாளித்தால் நாலு வீடு தள்ளி இருக்கிறவன்கூட தட்டைக் கழுவி வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அந்த ரசத்தைக் குடித்துக் குடித்துத்தான் அய்யாக்குட்டிக்கு ஓட்டல் ஆசை வந்தது. இவ்வளவு ருசியாகச் சாப்பிடத் தெரிந்தவனுக்கு ஓட்டல் நடத்தத் தெரியாமல் போய்விடுமா என்று அவனுக்கு ஓர் எண்ணம்.

"ஓட்டல்ல யாரு சமைப்பா?" என்று கேட்டாள் உலகம்மாள்.

"அதெல்லாம் சில்லறை விஷயம்ளா. ஓட்டலுங்கது பெரிய காரியம். அதுக்கு நாங்க நாலு பேரு இருக்கோம்."

உலகம்மாள் அந்த நாலு பேரையும் ஒரு தடவை மனக்கண்ணில் நிறுத்திப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு பையில் மாற்றுச் சேலையை எடுத்து வைத்தாள்.

"நான் எங்க அம்மா வீட்டுக்குப் போறேன். ஒரு வெளியூர் ஆளு ஒங்க ஓட்டல்ல வயிறு நெறயச் சாப்ட்டு, நல்லாருக்குன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். அன்னைக்கு வாரேன். உள்ளூர் ஆளு சொல்றது கணக்குல கெடையாது. இந்த ஊரே ஒங்கள மாதிரிதான். பங்குனி உத்திரம் வரைக்கும் பாப்பேன். அதுக்கப்பறம் என்னத் தேடி அந்தப் பக்கம் வந்துராதீங்க."

அவள் ஏறிய பஸ் போன பிறகும் அய்யாக்குட்டி ரோட்டிலேயே நின்றான். அவனுக்கு அவள்மேல் உயிர். அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று மட்டும் பதினோரு வருஷமாக அவனுக்குத் தோன்றவில்லை.

சரி, எதையும் யோசித்துச் செய்ய வேண்டும் என்று நாலு பேரும் டவுனுக்குக் கிளம்பினார்கள். அங்கே கொம்பையா அண்ணாச்சி என்று ஒருத்தர் இருந்தார். முப்பது வருஷம் ஓட்டல் நடத்தி, பெயர் கெடாமல் மூடியவர். அவர் இந்த நாலு முகங்களையும் வரிசையாகப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"ஓட்டல் வைக்கதுக்கு முன்னால மொதல்ல யோசிக்க வேண்டியது, வைக்கணுமாங்கதுதான்."

"யோசிச்சாச்சு!" என்றார்கள் நாலு பேரும் ஒரே குரலில். அடுத்தது என்ன என்று கேட்டார்கள்.

அண்ணாச்சி நல்ல மனுஷர். செவிடன் காதில் சங்கு ஊதுகிறோம் என்று தெரிந்தே ஊதினார். "கூட்டம் எங்க கூடுதோ அங்க கடையப் போடுங்க. நேத்து இருந்த ருசி இன்னைக்கும் இருக்கணும், நாளைக்கும் இருக்கணும். மொதலாளிங்கவன் கல்லாவ விட்டு எந்திரிக்கவே கூடாது. எல்லாத்துக்கும் மேல, சாப்பிட வாரவன் தெய்வம். அத மறந்துராதீங்க."

நாலு பேரில் ஒருவனான பால்வண்ணம் அதை ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டான். எட்டாம் வகுப்பில் மூன்று வருஷம் இருந்தவன், எழுத்தில் கெட்டி. அவர்களில் மூத்தவரான மாடக்கண்ணு அதை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார். மாடக்கண்ணு தலையாட்டினால் மற்ற மூவரும் ஆட்டுவார்கள். நாலாமவன் சொரிமுத்துவுக்குப் பாதி புரியாவிட்டாலும் அவன்தான் பலமாக ஆட்டுவான். மலையைப் புரட்டச் சொன்னால்கூட எந்தப் பக்கம் என்று மட்டும் கேட்பவன் அவன்.

மறுநாள் கூட்டம் தேடிப் புறப்பட்டார்கள். பஸ் நிறுத்தத்தில் ஏழு பேர். ரேஷன் கடையில் இருபது பேர். போதாது என்று நடந்தார்கள். ஊருக்கு மேற்கே ஒரு பாழுங்கிணறு. அதைச் சுற்றி, அம்மாடி, முந்நூறு பேருக்குக் குறையாது! மூன்று ஊர் சனம் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றது. கிணற்றுக்குள் ஒரு காளை விழுந்து கிடந்தது.

"இதுதாம்ல எடம்," என்றார் மாடக்கண்ணு. அங்கேயே கோடு போட்டுவிட்டார்கள்.

சாயங்காலத்துக்குள் ஊர்க்காரர்கள் காளையைக் கயிறு கட்டித் தூக்கிவிட்டார்கள். கூட்டமும் கலைந்தது. இவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படாமல் பத்து நாளில் ஓலைக்கூரை வேய்ந்து, பெஞ்சு போட்டு, பலகை மாட்டி, பால் காய்ச்சினார்கள். பார்த்தால் காக்காய்கூட இல்லை. முன்னால் கருவேலங்காடு, பின்னால் பாழுங்கிணறு. அய்யாக்குட்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். பங்குனி உத்திரத்துக்கு இரண்டே மாசம்.

உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"கூட்டம் எதுக்குக் கூடிச்சு?" என்று கேட்டார் மாடக்கண்ணு.

"காளைக்கு," என்றான் பால்வண்ணம்.

"அப்ப கொறை நம்ம ஓட்டல்ல இல்ல. காளைய எடுத்ததுலதான் இருக்கு."

காளைக்காரரிடம் போய், காளையைத் தினமும் காலை எட்டு மணிக்குக் கிணற்றில் போட்டுச் சாயங்காலம் எடுத்துக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகத்தான் கேட்டார்கள். அவர் கம்பை எடுத்தார். நாலு பேரும் ஓடி வந்தார்கள்.

"காளை எதுக்கு? நான் எறங்குதேன்," என்றான் சொரிமுத்து. இறங்கி, உள்ளே உட்கார்ந்து காளை மாதிரியே கத்தினான். ஆள்கள் ஓடி வந்தார்கள். கயிறு போட்டுத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஒருத்தரும் ஒரு காப்பிகூடக் குடிக்காமல் போனார்கள். மறுநாளும் இறங்கினான். அன்றைக்கு நாலு பேர்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் யாரும் வரவில்லை. அவன் நிஜமாகவே கால் பிசகி உள்ளே கிடந்து அலறினான். மேலே இருந்த மூவரும், "இன்னைக்குத்தான் ரொம்ப நல்லாக் கத்துதான்" என்று பெருமைப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கிடையில் ருசி விவகாரம் வந்தது. முதல் நாள் பால்வண்ணம் வைத்த சாம்பார் தண்ணீராக இருந்தாலும் வாயில் வைக்கும்படி இருந்தது. சாப்பிடத்தான் ஆள் இல்லை. மறுநாள் புதிதாக வைக்கலாமா என்று அய்யாக்குட்டி கேட்டதற்கு மாடக்கண்ணு பதறிப்போனார்.

"புதுசா வச்சா அது இன்னைக்கு ருசிலா? நேத்து ருசி நேத்துச் சாம்பார்லதான இருக்கும்?"

அப்படியே வைத்திருந்தார்கள். அது இவர்கள் பேச்சைக் கேட்கவில்லை. இரண்டாம் நாள் புளித்தது, மூன்றாம் நாள் நுரைத்தது, நாலாம் நாள் மூடியைத் திறந்த பால்வண்ணம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். ருசி நாளுக்கு நாள் மாறுகிறதே என்று மறுபடியும் ஆலோசனை.

"இனிமே மாறாது," என்றார் மாடக்கண்ணு, கண்ணை மூடிச் சிந்தித்துவிட்டு. "ஊசிப் போனதுக்கு மேல அது எங்க போவப்போவுது? இதாம்ல நெலையான ருசி. இனிமே எது வச்சாலும் நாலு நாள் வச்சிருந்து இந்த ருசிக்குக் கொண்டாந்துட்டுத்தான் எலையில ஊத்தணும்."

அய்யாக்குட்டிக்கு அந்த வாடையில் உலகம்மாள் நினைவு வந்தது. அவள் இருந்தால் இந்தச் சட்டியை யார் தலையில் கவிழ்த்திருப்பாள் என்று நினைத்துப் பார்த்தான். ஏக்கமாக இருந்தது.

முதல் ஆள் மாசி மாசத்தில் வந்தான். மொபெட்டில் பிளாஸ்டிக் குடம் கட்டி விற்கிற வியாபாரி. அசல் வெளியூர். பெஞ்சில் உட்கார்ந்து, "ஒரு சாப்பாடு போடுங்க" என்றான். அய்யாக்குட்டி இலை எடுக்கத் துள்ளினான். எழுந்திருக்கப் போனவனை மாடக்கண்ணு பிடித்து உட்கார வைத்தார். முதலாளி கல்லாவை விட்டு எழுந்திருக்கவே கூடாது. நாலு பேரும் முதலாளி. ஒரே கல்லாமேசையைச் சுற்றி நாலு நாற்காலியில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

"சாப்பாடு..." என்றான் வியாபாரி மறுபடியும்.

"இருக்கு," என்றார் மாடக்கண்ணு.

"போடுங்க."

"போடுவோம்."

கால் மணி நேரம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வியாபாரி எழுந்து போய்விட்டான். அய்யாக்குட்டிக்கு அழுகையே வந்துவிட்டது. "வாசல் வரைக்கும் வந்தத விட்டுட்டமே அண்ணாச்சி! எம் பொஞ்சாதி வரணுமே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். மாடக்கண்ணுவுக்கே மனசு இளகியது. ராத்திரி பகலாக யோசித்து வழி கண்டுபிடித்தார். கல்லாவை விட்டுத்தானே எழுந்திருக்கக் கூடாது? கல்லாவோடு எழுந்திருக்கலாமே! அன்றிலிருந்து நாலு பேரும் மேசைக்கு நாலு கால்போல ஆளுக்கொரு மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே அடுப்படிக்குப் போனார்கள், தண்ணீர் எடுக்கப் போனார்கள், ஒதுங்கவும் போனார்கள்.

பங்குனி பிறந்தது. ஒரு நாள் மத்தியானம், திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஆழ்துளைக் கிணறு போட வந்த லாரி ஒன்று வழி தப்பி அங்கே நின்றது. பசியில் கண் இருண்டு போய் ஒரு தடித்த மனுஷர் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, சாப்பாடு இருக்குங்களா? நேத்திலிருந்து வெறும் வயிறுங்க."

இந்த முறை எந்தக் குறையும் வைக்கக் கூடாது என்று நாலு பேருக்கும் வெறி. கல்லாவோடு எழுந்தார்கள். வந்தவர் தெய்வம் என்று பால்வண்ணம் எழுதி வைத்திருந்ததை இன்னொரு தடவை வாசித்துக்கொண்டார்கள். அவரைக் கிழக்கே பார்க்க உட்கார வைத்து, நெற்றியில் திருநீறு பூசி, கழுத்தில் ஒரு மாலையைப் போட்டார்கள். நல்ல மரியாதை தெரிந்த ஊர் என்று அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார். தலைவாழை இலை போட்டார்கள். சோறு, சாம்பார், கூட்டு, அப்பளம், எல்லாம் வைத்தார்கள். அவர் கையை நீட்டினார்.

அதற்குள் சொரிமுத்து தன் வேட்டியை அவிழ்த்துத் திரையாகப் பிடித்துவிட்டான். மாடக்கண்ணு சைக்கிள் மணியை அடித்தார். திரை விலகியது. அய்யாக்குட்டி தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினான். "சாமி, எம் பொஞ்சாதி திரும்பி வரணும்" என்று கண்ணீர் மல்கக் கும்பிட்டான். பால்வண்ணம் இலையைப் பக்குவமாகத் தூக்கிக்கொண்டு போனான். நாலு பேரும் அதைப் பங்கு போட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்கள்.

"ஏனுங்க... என்ர சோறு?" என்றார் அந்த மனுஷர்.

"சாமி பேசுதுல!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டான் சொரிமுத்து.

"பசிக்குதுங்க!"

மாடக்கண்ணு வாயில் சோற்றோடு யோசித்தார். "எந்தக் கோயில்லயாவது சாமி சாப்ட்டுப் பாத்திருக்கியால? படைக்கது நம்ம வேலை. பாக்கது சாமி வேலை. திங்கது மறுபடி நம்ம வேலை. அதான மொறை?"

"மொறைதான் அண்ணாச்சி. ஆனா சாமி அழுவுதே?" என்றான் சொரிமுத்து.

"அது அருளு."

அந்த அருள் எழுந்து லாரியைப் பார்த்து ஓடியது. தெய்வத்தைச் சும்மா அனுப்பலாமா? நாலு பேரும் கல்லாவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போய் லாரியை மூன்று சுற்று சுற்றினார்கள். நாலாவது சுற்றுக்குள் அவர் வண்டியைக் கிளப்பிவிட்டார், மாலையைக்கூடக் கழற்றாமல். அந்தச் சாம்பார் அன்று ராத்திரி நாலு பேர் வயிற்றிலும் தன் நிலையான ருசியைக் காட்டியது. அவர்கள் கல்லாவோடு எத்தனை தடவை கருவேலங்காட்டுக்குப் போய் வந்தார்கள் என்பது நமக்கு வேண்டாம்.

அதன் பிறகு யாரும் வரவில்லை. பங்குனி உத்திரமும் வந்துவிட்டது. சாஸ்தா கோயிலுக்குப் போகிற சனங்களை ஏற்றிக்கொண்டு பக்கத்து ரோட்டில் பஸ்கள் நிற்காமல் போயின. அய்யாக்குட்டி கல்லாவின் ஒரு மூலையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அன்று பொழுது சாய்ந்தால் அவன் வாழ்க்கை குட்டிச்சுவர்.

பதினோரு மணிக்கு ஒரு பஸ் நின்றது. உலகம்மாள் இறங்கினாள்.

சும்மா பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தாள். ஆனால் புருஷன் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"யாராச்சும் வந்து சாப்ட்டாங்களா?"

"ஒரு தெய்வம் வந்துச்சுளா. ஓடிப் போச்சு," என்றான் அய்யாக்குட்டி.

பதினோரு வருஷம் குடும்பம் நடத்தியவள் ஆகையால் அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. அடுப்படிக்குப் போனாள். சாம்பார்ச் சட்டியைத் தூரத்தில் கொண்டு போய்க் கொட்டினாள். அரை மணி நேரத்தில் சோறு வடித்து, ரசம் வைத்து, தேங்காய்த் துவையல் அரைத்தாள். வாசனை கருவேலங்காடு தாண்டிப் போனது. கல்லாவைச் சுற்றி நாலு தொண்டைகள் எச்சில் விழுங்கின.

அவளே இலை போட்டு, அவளே பரிமாறி, உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசம் மட்டும் மூன்று தடவை. கையைக் கழுவிவிட்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்:

"நான் இப்ப சாத்தனேரிக்காரி. மூணு மாசமா அங்கனதான் இருக்கேன். இந்த ஓட்டல்ல வயிறு நெறயச் சாப்ட்டேன். நல்லாருக்கு. போதுமா? இனிமே இந்தக் கண்றாவிய மூடுங்க. வீட்டுச் சாவியக் குடுங்க, போய்ப் பெருக்கித் தொளிச்சு வைக்கேன்."

தான் போட்ட நிபந்தனையைத் தானே வளைத்து, வாசல் வரை இறங்கி வந்துவிட்டாள். ஒரு மனுஷி இதற்கு மேல் எப்படித்தான் இறங்கி வருவது? அய்யாக்குட்டி அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்த்துக் கொடுத்தான். மூன்று மாசத்துக்குப் பிறகு அன்றுதான் சிரித்தான். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள்.

மாடக்கண்ணு தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, ஒரு சின்னச் சந்தேகம். நீ இப்ப எங்க போற?"

"எங்க வீட்டுக்கு."

"இந்த ஊரு வீட்டுக்கா?"

"ஆமா."

"அப்ப நீ உள்ளூர்க்காரி. உள்ளூர் ஆளு சொன்னது கணக்குல கெடையாதுன்னு நீதான் சொன்ன. அப்ப சாப்ட்டது செல்லாது. செல்லலன்னா நீ வரக் கூடாது."

"வரலன்னா?" என்றான் சொரிமுத்து.

"வரலன்னா வெளியூர்க்காரி. சாப்ட்டது செல்லும்."

"செல்லும்னா?"

"வரலாம்."

"வந்தா?"

"செல்லாது."

உலகம்மாள் இவர்களைப் பார்க்கவில்லை. புருஷனை மட்டும் பார்த்தாள். 'வாய மூடுங்கல' என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாவற்றையும் மன்னித்திருப்பாள். அய்யாக்குட்டி யோசித்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக மாடக்கண்ணுவைக் கேட்காமல் தானே யோசித்தான். அவன் முகம் மெல்லப் பிரகாசமானது.

"ஏளா, ஒன் வார்த்த பொய்யாவக் கூடாது. நீ இப்ப சாத்தனேரிக்குப் போ. நம்ம வீட்ட நான் ஊரு எல்லைக்கு வெளிய தூக்கி வச்சிருதேன். அப்பறம் வா. வீட்டுக்கும் வந்த மாதிரி ஆச்சு, வெளியூர்க்காரியாவும் இருந்த மாதிரி ஆச்சு!"

உலகம்மாள் திரும்பி நடந்தாள். ரோட்டுக்குப் போய் நின்றாள். பஸ் வந்தது, ஏறினாள். சாவியும் அவள் இடுப்போடு போனது.

தாமதிக்காமல் வேலையைத் தொடங்கினார்கள். வீடு எங்கே ஆரம்பிக்கிறது என்று ஒரு சிறு விவாதம் நடந்து, வாசலில்தான் என்று முடிவானது. பூட்டியிருந்த கதவை நிலையோடு சொரிமுத்து கடப்பாரையால் பெயர்த்தான். எல்லைக் கல்லைத் தாண்டி ஒரு தரிசு நிலத்தில் கிழக்கே பார்க்க நட்டார்கள். சுவரைக் கொண்டுவர மற்ற மூவரும் திரும்பிப் போனார்கள். அய்யாக்குட்டி கதவுக்கு முன்னால் கொதிக்கிற வெயிலில் உட்கார்ந்துகொண்டான்.

அந்த வழியாக ஆடு மேய்த்துக்கொண்டு வந்த ஒருத்தர் வெட்டவெளியில் நிற்கிற கதவையும், அதற்கு முன்னால் வேர்த்து வழிகிற ஆளையும் பார்த்து நின்றார்.

"இப்படி வெயில்ல ஏன் காயுதீரு?"

"வீடு பூட்டியிருக்கு. சாவி எம் பொஞ்சாதி கையில. அவ வந்துதான் தொறக்கணும்."

அவர் கதவை ஒரு சுற்று சுற்றி வந்தார். அவருடைய ஆடுகளும் அவர் பின்னாலேயே சுற்றிப் போய், அந்தப் பக்கத்துப் புல்லில் வாய் வைத்தன.

"அந்தப் பக்கம் நல்ல வேப்பமர நெழலு இருக்கே. இப்படிச் சுத்திப் போயி உக்காரலாம்லா?"

அய்யாக்குட்டி அவரை ஏற இறங்கப் பார்த்தான். உலகத்தில் இப்படியும் மடையர்கள் இருக்கிறார்களே என்று அவனுக்கு வருத்தமாக இருந்தது.

"பூட்டிக் கெடக்க வீட்டுக்குள்ள பொறவாசல் வழியா நொழைய நான் என்ன களவாணியா வே? மொதல்ல எங்க வீட்டுக்குள்ள மேயுத ஒம்ம ஆட்ட வெளிய பத்தும்!"